நான்கு அலுவலகங்களுக்கு ஒரே தொலைபேசித் திட்டம்: வவுனியா நிறுவனமொன்றின் சேவை பற்றி

கிளிநொச்சியில் தலைமை அலுவலகமும் வவுனியா, மாங்குளம், புதுக்குடியிருப்பு ஆகிய இடங்களில் கிளைகளும் கொண்ட எங்கள் நெல் கொள்வனவுச் சங்கத்துக்கு இணையவழித் தொலைபேசியைத் திட்டமிட்டு அமைத்துத் தரும் வேலையை வவுனியாவிலுள்ள ஒரு சிறிய நிறுவனத்திடம் கொடுத்தோம். ஒரு சிறுபோகமும் ஒரு காலபோகமும் அதைப் பாவித்த பின்னர் இதை எழுதுகிறேன். குறைகளில் பாதி நாங்கள் கேட்க மறந்தவை என்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

இலக்கத் திட்டத்தை முதலில் பாராட்ட வேண்டும். கிளிநொச்சிக்கு 2, வவுனியாவுக்கு 3, மாங்குளத்துக்கு 4, புதுக்குடியிருப்புக்கு 5 என முதல் எண்ணே இடத்தைச் சொல்லும்படி உள்ளக இலக்கங்களை ஒதுக்கியதோடு, 119, 1990 ஆகிய அவசர இலக்கங்களோடு மோதிவிடக் கூடாது என்பதற்காக 1 இல் தொடங்கும் இலக்கம் எதையும் எவருக்கும் கொடுக்கவில்லை. அவ்விரு அழைப்புகளும் அந்தந்தக் கிளையின் சொந்த இணைப்பு வழியாகவே வெளியேற வேண்டும் என்ற விதியும் அவர்களே வைத்தது. புதுக்குடியிருப்பில் ஒருவர் மயங்கி விழுந்து, அம்புலன்சுக்கு எடுத்த அழைப்பு 024 இல் தொடங்கும் வவுனியா இலக்கத்தைக் காட்டினால், திருப்பி அழைப்பவர் வவுனியாக் கிளையோடுதான் பேசிக்கொண்டிருப்பார்.

அழைப்புகளை இணைத்துவிடும் கணினியான சேர்வரைச் சிங்கப்பூரில் வாடகைக்கு எடுக்கலாம் என்பது அவர்களின் முதல் யோசனை. குரல் ஒரு திசையில் போய்ச்சேரும் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் உரையாடல் இடறாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. சிங்கப்பூர் அந்த எல்லைக்குள் வரக்கூடியதே. ஆனால் மாங்குளத்திலிருந்து புதுக்குடியிருப்புக்குப் பேசும் பேச்சு கடல் கடந்து போய்த் திரும்புவானேன், வெளிநாட்டு இணைப்பு அறுந்தால் உள்ளூர்ப் பேச்சும் நிற்பானேன் என்று கேட்டோம். மறுப்பின்றி ஏற்று, சேர்வர் வேலையைச் செய்யும் அஸ்டெரிஸ்க் என்னும் இலவச மென்பொருளைக் கிளிநொச்சியில் ஒரு சாதாரண கணினியிலும், அதற்கு மாற்றாக வவுனியாவில் இன்னொன்றிலும் நிறுவினார்கள்.

இணைய வேகத்தை அவர்கள் கணக்கிட்ட விதம் தெளிவானது. குரலைத் தரவாக மாற்றும் முறைகளில் ஒன்றான ஜி.711 இல் ஓர் அழைப்பு ஒவ்வொரு திசையிலும் வினாடிக்கு ஏறத்தாழ 87 கிலோபிட் எடுக்கிறது. குரலை இன்னும் சுருக்கும் ஜி.729 முறையில் அது 8 கிலோபிட்டாகச் சுருங்கினாலும் பாதையில் அது ஏறத்தாழ 31 ஆகிவிடுகிறது; வினாடிக்கு 50 தரவுப் பொதிகளாகப் போகும்போது ஒவ்வொன்றிலும் 20 பைட் மட்டுமே பேச்சு, முகவரித் தலைப்புகள் 40 பைட், அதற்கு மேல் உறை வேறு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். பைபர் உள்ள இரு அலுவலகங்களுக்கு முதலாவதும், 4ஜி ரவுட்டரை நம்பியிருக்கும் இரு கிளைகளுக்கு இரண்டாவதும் என்று பிரித்தார்கள். குரல் சற்று மெலிந்தாலும் விளங்குகிறது.

இருந்தும் முதல் இரு வாரங்கள் மாங்குளத்தில் பேசுவது எங்களுக்குக் கேட்டது. நாங்கள் பேசியது அங்கே கேட்கவில்லை. 4ஜி வலையமைப்பில் பலர் ஒரே பொது முகவரியைப் பகிர்வதால், தொலைபேசி தன்னுடையது என்று அறிவிக்கும் உள் முகவரிக்கு நாம் அனுப்பும் குரல் போய்ச் சேருவதில்லை. கிளைகளிலிருந்து கிளிநொச்சிக்கு வி.பி.என். என்னும், இணையத்தின் ஊடாகப் போகும் தனிப் பாதையை அமைத்ததும் தீர்ந்தது. இது எங்கும் அறியப்பட்ட சிக்கல். நிறுவ முன்னரே சோதித்திருக்கலாம்.

அவர்களுடைய பெரிய தவறு தொழில்நுட்பத்தில் இல்லை. எங்கள் விவசாயிகள் பலர் மிஸ்ட் கோல் கொடுத்துவிட்டு, நாங்கள் திருப்பி அழைப்பதற்காகக் காத்திருப்பவர்கள். புதிய முறையில் முதல் மணி அடிக்குமுன்பே பதிவுசெய்த குரல் "வணக்கம்" சொல்லி அழைப்பை ஏற்றுவிட, அவர்களுடைய சிம்மில் காசு கரையத் தொடங்கியது. நெல் விலை கேட்க எடுத்தவர் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்பதைக் காசு கொடுத்துக் கேட்க வேண்டியதாயிற்று. கோபத்தோடு நேரே வந்தவர்களிடமிருந்துதான் இதை அறிந்தோம். இப்போது 25 வினாடி மணி அடித்த பின்னரே வரவேற்புக் குரல் எடுக்கிறது. அதற்குள் துண்டித்த இலக்கங்கள் ஒரு பட்டியலில் சேர, கணக்குப் பிரிவில் உள்ள தங்கை காலை பத்து மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் அவற்றைத் திருப்பி அழைக்கிறார். கேட்டதும் ஒரே நாளில் மாற்றித் தந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

கிளிநொச்சி விழுந்தால் வவுனியா ஏற்கும் என்பது வரைபடத்தில் அழகாக இருந்தது. ஐப்பசியில் இடி மின்னலோடு மின்சாரம் நின்று கிளிநொச்சிச் சேர்வரும் நின்றபோது, தொலைபேசிகள் சேர்வரில் தம்மை மீண்டும் பதிவுசெய்யும் இடைவெளி 3600 வினாடியாக விடப்பட்டிருந்ததால், சில தொலைபேசிகள் ஏறத்தாழ ஒரு மணிநேரம் செத்த சேர்வரையே நம்பியிருந்தன. அதை 120 ஆகக் குறைக்கச் சொன்னது நாங்கள். கணினியை மூடிவைக்க மட்டும் போதுமான சிறிய யூ.பி.எஸ். (மின்சாரம் நின்றால் சற்று நேரம் தாங்கும் பற்றரிப் பெட்டி) ஒன்றை ரவுட்டர், சேர்வர், தொலைபேசிகளுக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்ச் என எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்திருந்ததும் அன்றுதான் தெரிந்தது. 2022 மார்ச் 31 இல் நாட்டில் 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை மறக்காத எங்களுக்கு இதில் சமாதானம் இல்லை. பழைய செப்புக் கம்பித் தொலைபேசி பரிவர்த்தனை நிலையத்திலிருந்தே மின்சாரம் பெறுவதால், வீட்டில் விளக்கில்லாதபோதும் பேசியது.

பெரிய பற்றரிக்கான செலவை அவர்களுடைய மதிப்பீட்டில் சேர்க்கவில்லை; அதை நாங்கள் தனியே வாங்கினோம். புதுக்குடியிருப்பின் பழைய தரைவழி இணைப்பையும் இன்னும் துண்டிக்கவில்லை.