கோழியின் இனத்தை முட்டை சொல்லுமா, கொண்டை சொல்லுமா?

இனம் தெரியாத பெட்டைக் கோழி ஒன்று கைக்கு வந்து சேர்ந்தால், அது முட்டையிடும் வரை காத்திருந்து ஓட்டின் நிறத்தைக் கொண்டு முடிவு செய்வது ஒரு வழி. கொண்டை, காது மடல், கால், இறகு ஆகியவற்றைப் பார்த்து அன்றைக்கே இனத்தைக் கணிப்பது மற்றொரு வழி. பலரும் முட்டையையே உறுதியான சான்றாக நம்புகிறார்கள். என் கணிப்பில், எந்த இனம் அன்று என்று விலக்குவதற்குத்தான் முட்டை பயன்படும். எந்த இனம் என்று சொல்வது பெரும்பாலும் உடல்தான்.

முட்டையை நம்புவதானால் அதை உடைத்துப் பார்ப்பது நல்லது. பழுப்பு முட்டையில் புரோட்டோபார்ஃபைரின் என்னும் நிறமி, ஓடு உருவாகி முடியும் தறுவாயில் மேற்பரப்பில் படிவதால், ஓட்டின் உட்புறம் வெள்ளையாகவே இருக்கும். நீல முட்டையிலோ பிலிவெர்டின் என்னும் நிறமி ஓடு முழுவதும் ஊறியிருப்பதால் உட்புறமும் நீலமாகத் தெரியும். நீல ஓட்டின்மேல் பழுப்புப் படிந்தால் கிடைப்பதே பச்சை. பழுப்பின் அழுத்தமோ, தொடர்ந்து முட்டையிட்டு வரும் நாட்களில் வெளிறிக்கொண்டே போகக்கூடியது.

வெள்ளை முட்டையில் அதிகக் குழப்பமில்லை. லெகார்ன், மினோர்க்கா, அங்கோனா ஆகியவை வெள்ளைக் காது மடலும் வெள்ளை முட்டையும் கொண்டவை. ஆனால் ‘வெள்ளை மடலுக்கு வெள்ளை முட்டை, சிவப்பு மடலுக்குப் பழுப்பு முட்டை’ என்னும் பழைய கணக்கை, வெள்ளை மடலோடு அடர்பழுப்பு முட்டையிடும் ஸ்பெயினின் பெனெடெசென்கா ஒன்றே பொய்யாக்கிவிடும்.

பழுப்பு முட்டைகளில்தான் உடலின் கை ஓங்குகிறது. வரியிட்ட பிளைமவுத் ராக், டொமினிக் இரண்டும் கறுப்பு வெள்ளை வரிகளுடன் பழுப்பு முட்டையிடுபவை. முன்னதற்கு ஒற்றைக் கொண்டையும் நேர்த்தியான வரிகளும், பின்னதற்குத் தட்டையான ரோஜாக் கொண்டையும் சற்றே கலைந்த வரிகளும் உண்டு. கறுப்பு ஆஸ்ட்ரலார்ப்பையும் கறுப்பு ஜெர்சி ஜயண்டையும் பிரித்தறியக் கோழியைத் தூக்கிப் பாதத்தின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும்: ஜெர்சி ஜயண்டுக்கு மஞ்சள், ஆஸ்ட்ரலார்ப்புக்கு வெளிறிய இளஞ்சிவப்பு. இந்த வரிசையில் முட்டையும் ஓரளவு பேசுவது மாரான்ஸ், வெல்சமர் இரண்டிடம்தான். மாரான்ஸ் சாக்லேட் நிறத்தை எட்டக்கூடிய அடர்பழுப்பு முட்டையும், வெல்சமர் பெரும்பாலும் கரும்புள்ளிகள் தெளித்த செம்பழுப்பு முட்டையும் இடும். ஆயினும் வெல்சமரின் மஞ்சள் கால்களைப் பார்த்துவிட்டால் முட்டைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

நீல முட்டையைக் கண்டவுடன் ‘அரகானா’ என்று கூறிவிடுவதே மிகப் பரவலான பிழை. அமெரிக்கத் தர விதிகளின்படி அரகானாவுக்கு வாலே இல்லை. காதருகே இறகுக் கொத்துகள் இருக்கும். நீல முட்டையிடும் மற்றோர் இனமான அமெரிக்கானாவுக்கு வால் உண்டு. கன்னத்தில் அடர்ந்த இறகும் தாடியும் சாம்பல் நீலக் கால்களும் உண்டு. அமெரிக்கப் பறவை வளர்ப்பாளர் சங்கம் முன்னதை 1976இலும் பின்னதை 1984இலும் தனித்தனி இனங்களாக ஏற்றது. இவற்றின் சாயலோடு, கால் நிறமும் இறகு நிறமும் எந்த விதிக்கும் அடங்காமல் திரியும் ஈஸ்டர் எக்கர் ஓர் இனமே அன்று, கலப்பு. அக்கூட்டத்தில் ஒரு கோழி நீலமும் மற்றொன்று பச்சையும் இன்னொன்று வெறும் பழுப்பும் இடலாம். ஒரே கோழி நாளுக்கொரு நிறத்தில் இடும் என்று நம்புவோரும் இருக்கிறார்கள், அப்படி நடப்பதில்லை.

நீல நிறத்துக்கான மரபணுவும் பட்டாணிக் கொண்டைக்கான மரபணுவும் ஒரே குரோமோசோமில் அருகருகே அமைந்திருப்பதால், கலப்புக் குஞ்சுகளில் மூன்று வரிசையாகத் தாழ்ந்த இந்தப் பட்டாணிக் கொண்டை உள்ளது நீலமோ பச்சையோ இடுவதற்கே வாய்ப்பு அதிகம். அதாவது முதல் முட்டைக்குப் பல மாதங்களுக்கு முன்பே கொண்டை துப்புக் கொடுத்துவிடுகிறது. இந்தத் துப்பும் கிரீம் லெக்பார் என்னும் இனத்திடம் செல்லாது. ஒற்றைக் கொண்டையும் அதன் பின்னால் சிறு குடுமியுமாக நின்றுகொண்டு அது நீல முட்டையிடும்.