முதல் டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கப் போறீங்களா? 38,500 ரூபா போன வயித்தெரிச்சல்ல எழுதறேன், படிச்சிட்டு போங்க

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் யாராவது முதல் டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் கழட்டி மாத்தற பெரிய கேமரா) வாங்க காசு சேத்து வெச்சிருந்தா, கடைப்படி ஏறறதுக்கு முன்னாடி இதைப் படிங்க. யாருக்கு எந்த கேமரா சரிப்பட்டு வரும்னு விலாவாரியா எழுதணும்னுதான் உக்காந்தேன், ஆனா எனக்கு கேமரா வித்த கடைக்காரன் மூஞ்சிதான் கண்ணு முன்னாடி வந்து நிக்குது, அதனால நடந்ததை முதல்ல கொட்டிடறேன். கடை பேர் போடல. பேர் வந்துச்சுன்னா கேஸ் போடுவேன்னு ஏற்கனவே போன்ல சவுண்டு விட்டுட்டான். மொபைல், செகண்ட் ஹேண்ட் கேமரா, ட்ரைபாட் எல்லாம் விக்கிற கடை, கண்ணாடிக்கு பின்னாடி கல்யாண ஆல்பம் அடுக்கி வெச்சிருப்பான். அவ்ளோதான் சொல்லுவேன்.

எனக்கு தேவை ரெண்டே ரெண்டு. ஒண்ணு பறவை. கே.ஆர்.பி டேம் எங்க வீட்ல இருந்து பைக்ல எட்டற தூரம், ஓசூர்ல ஷிஃப்ட் முடிஞ்சி வந்து லீவு நாள்ல விடியக்காலைல போய் நின்னா நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, மீன்கொத்தின்னு கண்ணு நெறைய இருக்கும், மொபைல்ல எடுத்தா எல்லாம் கரும்புள்ளி. ரெண்டாவது, சொந்தக்காரங்க வீட்டு காதுகுத்து, சீருக்கெல்லாம் வீடியோ எடுக்கணும், சத்தம் தெளிவா வரணும், அதனால தனியா மைக் மாட்டற மாதிரி வேணும். சீட்டு எடுத்த காசு கைல இருந்துச்சு. பட்ஜெட் 40 ஆயிரத்துக்குள்ளன்னு சொன்னேன்.

சொன்னதை அந்தாளு கேட்ட விதம் இருக்கே, அதுலதான் எல்லாம். டீ வரவெச்சான். "என்ன எடுக்கப் போறீங்க தம்பி, அதைச் சொல்லுங்க முதல்ல, சும்மா வெலையக் கேட்டு வாங்கறவங்களுக்கு நான் கொடுக்கறதே இல்ல"ன்னான். நான் காவேரிப்பட்டணம்னு சொன்னதும் "அட நம்ம ஊரு, என் மாமனார் வீடு அங்கதான்"னு ஆரம்பிச்சு மாங்கா சீசன், மண்டி ரேட்டு வரைக்கும் போயிட்டான். பறவைன்னதும் எந்திரிச்சு போய் உள்ள இருந்து எடுத்துட்டு வந்தது நிக்கான் டி3400 பாடி (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா), கூட 18-55 கிட் லென்ஸ் (கேமராவோட வர்ற சாதா லென்ஸ்), அப்புறம் தூரத்துல இருக்கறதை கிட்ட இழுக்க நீட்டா ஒரு 70-300 லென்ஸ். "டிஸ்ப்ளே பீஸ் தம்பி, ஆயிரம் கிளிக் கூட ஓடல, பறவைக்கு 300 இல்லாம ஒண்ணும் நடக்காது, மைக்கும் தாராளமா மாட்டலாம்." மொத்தம் 38,500.

கிட் லென்ஸை என் கைல கொடுத்து செவுத்து காலண்டரை எடுக்கச் சொன்னான், டக்குனு ஃபோகஸ் ஆச்சு, படம் பளிச்சுனு இருந்துச்சு. பெரிய லென்ஸை மட்டும் அவனே மாட்டி, அவனே வாசல்ல நின்னு எதிர் மாடி தண்ணி டேங்க்ல இருந்த காக்காவ எடுத்தான். பேசிட்டே இருக்கான், இடது கை விரல் ரெண்டு லென்ஸோட முன் முனைல இருக்கற சின்ன ரிங்கை அப்படியே நைசா திருப்பிட்டே இருக்கு. படத்தை ஸ்க்ரீன்ல காட்டினா காக்கா றெக்கை தனித்தனியா தெரியுது. நான் ஒரு தடவை எடுக்கறேன்னு கை நீட்டினதுக்கு "கைரேகை விழும் தம்பி, வீட்ல போய் துணி வெச்சு துடைச்சிட்டு ஆசை தீர எடுங்க"ன்னு கவர்ல போட்டுட்டான். 5,000 போன்ல அனுப்பினேன், மீதி 33,500 கைல வாங்கிகிட்டான். பில் கேட்டா "ஜிஎஸ்டி போட்டா 18 பர்சன்ட், ஏழாயிரம் கிட்ட ஏறும், உங்களுக்கு எதுக்கு"ன்னு ஒரு எஸ்டிமேட் சீட்டு எழுதி கொடுத்தான். அதுல கடை பேர்கூட இல்ல.

டேம்ல போய் 70-300-ஐ மாட்டி ஷட்டர் பட்டனை பாதி அமுக்கினா லென்ஸ் அசையவே இல்ல. ஒரு சத்தம் இல்ல. பாம்புத்தாரா கல்லு மேல றெக்கைய விரிச்சி காய வெச்சிட்டு உக்காந்திருக்கு, நானும் அமுக்கறேன் அமுக்கறேன், எல்லாம் மங்கல்.

போன் போட்டா "மேனுவல் மோட்ல இருக்கும், ஆட்டோல போடுங்க." ஆட்டோலதான் இருக்கு. "பேட்டரி ஃபுல் சார்ஜ் பண்ணுங்க." பண்ணியாச்சு. "அப்ப உங்களுக்கு பழக்கம் இல்ல தம்பி, பழகப் பழக வரும்." நேர்ல போனா முதலாளி திருப்பதி போயிருக்காருன்னு ஒரு பையன் சொல்றான். முதலாளியோட செருப்பு வாசல்லயே கெடக்குது! அப்புறம் வாட்ஸ்அப்ல அனுப்பினதுக்கெல்லாம் ஒத்த டிக்கோட நின்னு போச்சு, போட்டோவும் காணல, பிளாக் பண்ணிட்டான்.

சேலத்துல கேமரா சர்வீஸ் பண்ற ஒரு பெரியவர்கிட்ட கொண்டு போனேன். லென்ஸை கழட்டி பின்பக்கத்தை லைட்ல காட்டினார். இரும்பு வளையத்து ஓரத்துல ஒரு குட்டி ஸ்க்ரூ தலை, நடுவுல ஒரு வெட்டு. "இதை சுத்தறதுக்கு பாடில இருந்து திருப்புளி மாதிரி ஒண்ணு நீட்டிட்டு இருக்கணும் தம்பி, உன் பாடில பாரு, எங்க இருக்கு?" வழவழன்னு இருக்கு, ஒண்ணுமே இல்ல. நிக்கான்ல டி3000 வரிசை, டி5000 வரிசை பாடிங்க எதுலயும் ஃபோகஸ் மோட்டார் (லென்ஸை தானா திருப்பி படத்தை தெளிவாக்கறது) கெடையாதாம், மோட்டார் லென்ஸுக்குள்ள இருக்கணுமாம். இவன் கொடுத்தது மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப் 70-300. அதுக்கப்புறம் வந்த ஏஎஃப்-பி 70-300-ம் அதே நம்பர்தான், அதுல மோட்டார் இருக்கு, விஆர்னு கை ஆட்டத்தை தாங்கற வசதியோட கூட கெடைக்குது. இந்தப் பழசுல அதுவும் இல்ல. 300-ல வெச்சா இந்த சின்ன சென்சார்ல (படம் பதியற சில்லு) 450-க்கு சமம், அவ்ளோ கிட்ட இழுக்கறதால மூச்சு விட்டாலே படம் ஆடிடும். கடைல அந்த விரல் ரெண்டும் என்ன பண்ணிச்சுன்னு அப்பதான் உறைச்சுது. அவன் கையாலயே ஃபோகஸ் பண்ணிருக்கான்!

இன்னும் கேளுங்க. டி3400-ல மைக் ஓட்டையே கெடையாது. முந்தின மாடல்ல இருந்துச்சு, இதுல எடுத்துட்டாங்க. "தாராளமா மாட்டலாம்"னானே, எங்கடா மாட்டறது? அப்புறம் பெரியவர் ஒரு ஜேபெக் ஃபைலை கம்ப்யூட்டர்ல போட்டு ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரைக்கும் எத்தனை கிளிக் ஓடிருக்குன்னு பாத்தார். 86 ஆயிரத்து சொச்சம். ஆயிரம் கிளிக்னான் பாவி. இந்த ரக பாடிக்கு ஆயுசு சுமாரா ஒரு லட்சம்னு கணக்கு சொல்வாங்க, அது தாண்டியும் ஓடும், அதுக்காக ஓடினதை மறைச்சு விக்கலாமா? கல்யாண போட்டோகிராபருங்க எல்லாம் மிரர்லெஸ்னு புது ரக கேமராவுக்கு மாறிட்டு பழைய டிஎஸ்எல்ஆரை தள்ளி விடறாங்க, அதுதான் துடைச்சு வெச்சு "டிஸ்ப்ளே பீஸ்" ஆகி நம்ம தலைல விழுது. ரெண்டு மூணு முகூர்த்த சீசன் ஓடின பாடி எப்படிய்யா ஆயிரம் கிளிக்ல இருக்கும்!

இதையெல்லாம் எடுத்துட்டு திரும்ப கடைக்கு போனேன். இந்த தடவை ஆள் இருந்தான். டீ இல்ல, மாமனார் ஊரு இல்ல. "70-300 கேட்டீங்க, 70-300 கொடுத்தேன். வித்த பொருள் வித்ததுதான்." ஷட்டர் கவுண்ட்டை காட்டினா "அதெல்லாம் நெட்ல கண்டபடி காட்டும்." கடைசில ரொம்ப பெரிய மனசு பண்ற மாதிரி, வேணும்னா 14,000-க்கு திரும்ப எடுத்துக்கறேங்கறான். 38,500 ரூபாங்க. வாங்கி மாசம் முடியல, அவனே வித்த பொருளு, அவனே 14,000 சொல்றான்.

1915-க்கு போன் பண்ணேன், நுகர்வோர் ஹெல்ப்லைன். முதல் கேள்வியே பில் இருக்கான்னுதான். புகாரை பதிஞ்சிருக்காங்க. 5,000 போன்ல போனதுக்கு ஆதாரம் இருக்கு, மீதி 33,500-க்கு அந்த வெத்து சீட்டுதான்.

எதை வாங்கலாம்னு எழுதறேன்னு சொன்னேன்ல, இப்ப பொறுமை இல்ல, அவசரத்துல சொல்றதை பிடிச்சிக்கோங்க. நிக்கான்ல டி3400, டி3500, டி5600 மாதிரி பாடி எடுத்தா லென்ஸ் மேல ஏஎஃப்-எஸ் இல்லனா ஏஎஃப்-பின்னு எழுதிருக்கணும், வெறும் ஏஎஃப்னா தொடாதீங்க. ரொம்ப பழைய பாடி, டி90, டி7000 எல்லாம் எடுத்தா உல்டா, அதுல ஏஎஃப்-பி வேலை செய்யாது. கேனன்ல இந்த மோட்டார் தொல்லை இல்ல, ஈஎஃப், ஈஎஃப்-எஸ் லென்ஸ் எல்லாத்துலயும் மோட்டார் உள்ளயே இருக்கு, பறவைக்கு ஆரம்பத்துல 55-250 எஸ்டிஎம் லென்ஸ் போதும்ங்கறார் பெரியவர். ஆனா 1500டி-லயும் மைக் ஓட்டை கெடையாது, வீடியோ முக்கியம்னா 200டி வரிசை பாருங்க. வீட்டுக்குள்ள கொழந்தைய எடுக்க மட்டும்னா 300 எல்லாம் எதுக்கு, வெளிச்சம் கம்மியா இருந்தாலும் எடுக்கற 50 எஃப்1.8 லென்ஸ் ஒண்ணு போதும், வெலையும் கம்மி. ஒகேனக்கல், மலைன்னு எடுக்கறவங்களுக்கு கிட் லென்ஸே போதும்.

எந்த லென்ஸா இருந்தாலும் உங்க கையால மாட்டி, உங்க விரலால அமுக்கி, தூரத்துல ஒண்ணு கிட்ட ஒண்ணு எடுத்துப் பாருங்க. விடலன்னா எந்திரிச்சு வந்துடுங்க. நிக்கான்னா ஒரு ஜேபெக்கை உங்க மொபைலுக்கு மாத்தி ஷட்டர் கவுண்ட்டை கடைலயே பாத்துடுங்க, கேனன்ல ஃபோட்டோ ஃபைல்ல அது பதியாது, அதுக்கு தனி சாஃப்ட்வேர் வேணும். லென்ஸை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு உள்ள நூலாம்படை கணக்கா பூஞ்சை இருக்கான்னு பாருங்க. சீரியல் நம்பர் போட்டு ஜிஎஸ்டி பில் கொடுக்கலன்னா காசை வெளில எடுக்காதீங்க.

நாளைக்கு கலெக்டர் ஆபீஸ் பக்கம் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தரைப் பாத்து நுகர்வோர் ஆணையத்துல மனு போடப் போறேன், செலவு எவ்ளோ ஆனாலும் சரி. இதே மாதிரி எஸ்டிமேட் சீட்டை மட்டும் வெச்சு மனு போட்டு பணம் வாங்கினவங்க யாராச்சும் இருந்தா என்ன பேப்பரெல்லாம் வெச்சீங்கன்னு சொல்லுங்க.