ஆர்கோன் பயிற்சிக் காணொளிகள்: முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் முன் பாருங்கள்

அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகம் 2013 முதல் ஆண்டுதோறும் நடத்தும் மீத்திறன் கணிமைப் (சூப்பர்கம்ப்யூட்டிங்) பயிற்சி முகாம் இரண்டு வாரம் நீள்வது. கட்டணம் கிடையாது, ஆனால் போட்டி போட்டுத்தான் இடம் பிடிக்க வேண்டும். உரைகளின் பதிவுகளோ யூடியூபில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கின்றன. பாய்ம இயக்கவியலில் முதுகலை முடிக்கும் நான், மேற்படிப்பா வேலையா என்று தடுமாறிய நேரத்தில் எனக்குப் பிடிமானம் தந்தவை இவைதாம்.

பல கணினிகளில் சேர்ந்து ஓடும் நிரலின் பகுதிகள் தமக்குள் செய்தி பரிமாற உதவும் எம்பிஐ (MPI) என்ற முறை பற்றிய பகுதி அருமை. அம்முறையைச் செயல்படுத்தும் எம்பிஐசிஎச் (MPICH) என்ற நிரல் நூலகத்தை எழுதும் ஆய்வகமே சொல்லித்தருவதால் உள்விவரம் கொட்டுகிறது. கணக்கிட வேண்டிய புள்ளிகள் அடங்கிய ஒரு கட்டத்தை (grid), ஒரே நேரத்தில் ஓடும் பல செயல்முறைகளுக்கு (process) பிரித்து, விளிம்பு மதிப்புகளை அண்டைச் செயல்முறையோடு பரிமாறும் பயிற்சியை மடிக்கணினியிலேயே எழுதிப் பாருங்கள். எல்லாச் செயல்முறைகளும் முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு பெறுவதாக எழுதினால், சிறிய கட்டத்தில் நிரல் ஒழுங்காக ஓடும். பெரிதாக்கியதும் அசையாமல் நின்றுவிடும். சிறு செய்தியை நூலகம் தற்காலிகமாக வாங்கி வைத்துக்கொள்கிறது; பெரிய செய்திக்குப் பெறுபவர் தயாராகும்வரை காத்திருக்கிறது. எல்லோருமே காத்திருந்தால் பெறுவதற்கு யார் வருவார்கள்? இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

மென்பொருள் பராமரிப்பு பற்றிய உரைகளைத் தாண்டிப் போகாதீர்கள். பேராசிரியர் பதவிக்கும் நிறுவன வேலைக்கும் நடுவே ‘ஆய்வு மென்பொருள் பொறியாளர்’ என்றொரு பாதை இருப்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. 2012இல் பிரிட்டனில் பெயர் சூட்டப்பட்ட இந்தப் பணிக்குத் தேசிய ஆய்வகங்களிலும் வானிலை மையங்களிலும் பல்கலைக்கழகக் கணினி மையங்களிலும் இடமுண்டு. முனைவர் பட்டம் எல்லா இடத்திலும் கட்டாயமில்லை.

இப்போது பேராசிரியர்களுக்கு எழுதும்போது மூன்றைக் கேட்கிறேன்: குழுவுக்கு எந்த மீத்திறன் கணினியில் எவ்வளவு கணினி நேரம் ஒதுக்கீடாக இருக்கிறது, நிரலைப் பராமரிப்பவர் யார், படித்து முடித்தவர்கள் எங்கே போனார்கள். ஒதுக்கீடு பற்றித் தெளிவாகச் சொல்லாத குழுவில் சேர எனக்கு மனமில்லை. கணினி நேரத்துக்கு வரிசையில் காத்திருந்தே ஆண்டுகள் கரைந்துவிடும்.

பெரிய இயந்திரங்களில் பயிற்சிக் கணக்கு முகாமில் சேர்ந்தவர்களுக்கே கிடைக்கும். ஆகவே செயல்திறன் கருவிகள் பற்றிய உரைகளை, உங்கள் பல்கலைக்கழகக் கணினித் தொகுதியில் கணக்கு வாங்கிய பிறகு பாருங்கள். சி, சி++, ஃபோர்ட்ரான் ஆகியவற்றில் ஒன்றாவது தெரியாதவர்கள் அதைக் கற்றுவிட்டு வருவது நல்லது. எம்பிஐ, எண்முறை உரைகளுக்குப் பழைய ஆண்டுப் பதிவுகளே போதும். ஜிபியு (GPU, வரைகலைச் செயலி) உரைகளுக்கு மட்டும் ஆகப் புதியதை எடுங்கள். 2022இல் உலகின் வேகமான கணினிகளின் பட்டியலில் முதலிடம் பிடித்த ஃபிரான்டியர் என்ற அமெரிக்க மீத்திறன் கணினியின் வேகத்தில் பெரும்பங்கு ஜிபியுக்களுடையது.