வாதாட ஓர் ஆள் வேண்டும்: ‘மேட்ச் ஆஃப் தி டே’ நிகழ்ச்சி மதிப்பீடு

இங்கிலாந்தில் தொலைக்காட்சியை நேரலையாகப் பார்க்கும் ஒவ்வொரு வீட்டாரும் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். 2025 ஏப்ரலில் அது ஆண்டுக்கு 174.50 பவுண்டாக உயர்ந்தது. அந்தப் பணத்தில் பிபிசி செய்தியும் நாடகமும் வானொலியும் தருகிறது என்றாலும், கட்டணம் தகுமா என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழும்போதெல்லாம் நான் துணைக்கு அழைப்பது சனிக்கிழமை இரவு பத்தரை மணியளவில் தொடங்கி அன்றைய கால்பந்து ஆட்டங்களைச் சுருக்கிக் காட்டும் ‘மேட்ச் ஆஃப் தி டே’ என்ற ஒரே நிகழ்ச்சியைத்தான். இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீகின் கோல்கள் கைப்பேசிக்கு வந்து சேர்ந்துவிடும் இந்நாளில், முடிவு தெரிந்த ஆட்டங்களை நள்ளிரவு வரை உட்கார்ந்து பார்ப்பானேன் என்று என் மகள் கேட்கிறாள். நியாயமான கேள்வி. தெற்கு லண்டனில் குடியிருக்கும் நான் கிரிஸ்டல் பேலஸ் அணியின் ரசிகன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

1964 ஆகஸ்ட் 22 அன்று லிவர்பூல் 3-2 என்ற கணக்கில் ஆர்சனலை வென்ற ஆட்டத்தோடு இந்த நிகழ்ச்சி பிறந்தது. கென்னத் வோல்ஸ்டன்ஹோம் வர்ணனை செய்த அந்த முதல் ஒளிபரப்பைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 20,000 பேர். லிவர்பூலின் ஆன்ஃபீல்டு அரங்கில் அன்று கூடியிருந்த கூட்டம் அதைவிடப் பெரிது. இன்றுவரை இது நீடிப்பதற்கு ஒரு விசித்திரமான விதியும் காரணம். சனிக்கிழமை பிற்பகல் 2.45 மணிக்கும் 5.15 மணிக்கும் இடையில் பிரிட்டனில் எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டக் கூடாது. கீழ்ப்பிரிவு அணிகளின் அரங்குகள் காலியாகிவிடும் என்பது அஞ்சப்பட்ட விளைவு. அதனால் மூன்று மணி ஆட்டம் என் வீட்டிலிருந்து பேருந்துத் தொலைவில் உள்ள பேலஸின் அரங்கமான செல்ஹர்ஸ்ட் பார்க்கில் நடந்தாலும், நுழைவுச்சீட்டு கிடைக்காவிட்டால் நான் அதைப் பார்க்க முடியாது; குளிர்காலமானால் இரவு எட்டரை மணிக்குச் சென்னையில் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருக்கும் என் தம்பி அதை முழுதாகப் பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று எனக்குத் தொலைபேசியில் சொல்கிறான்.

நிகழ்ச்சியின் அமைப்பு எளிமையானது. 1970 முதல் ஒலித்துவரும் அதே முகப்பிசை, அன்றைய ஆட்டங்களின் சுருக்கம், ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் இரு அணிகளின் மேலாளர்களின், அதாவது தலைமைப் பயிற்சியாளர்களின் பேட்டி, பிறகு ஸ்டுடியோவில் இரண்டு முன்னாள் வீரர்களின் அலசல். எந்த ஆட்டம் முதலில், எந்த ஆட்டம் கடைசியில் என்ற வரிசைதான் ரசிகர்களை முதலில் கொதிக்கவைப்பது. சிறிய அணி ஒன்று கோலின்றிச் சமன் செய்தால் அதன் இடம் கடைசி என்பதை அதன் ரசிகர்கள் முகப்பிசை முடியுமுன்பே அறிவார்கள். பந்தியில் கடைசி இலைக்குப் பாயசம் வந்து சேரும்போது அடியில் இருப்பதுதான் கிடைக்கும். எங்களுக்கும் மூன்று நிமிடக் காட்சியும் ஒரு வாக்கிய அலசலும் கிடைக்கும். இதில் சதி எதுவும் இருப்பதாக நான் நம்பவில்லை, நல்ல ஆட்டம் முதலில் வருவதே முறை. இருந்தும் எங்கள் ஆட்டம் இரண்டாவதாக வந்த இரவுகளை நான் மறப்பதில்லை.

இந்த நிகழ்ச்சியில் எது இன்றியமையாதது என்பதைச் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு 2023 மார்ச் 11 அன்று தானாகவே அமைந்தது. அரசின் புகலிடக் கொள்கையை விவரிக்கக் கையாளப்பட்ட மொழியைச் சமூக ஊடகத்தில் விமர்சித்ததற்காகத் தொகுப்பாளர் கேரி லினேக்கரைப் பிபிசி விலக்கி வைத்தது. அலசலாளர்கள் இயன் ரைட்டும் ஆலன் ஷியரரும் அவருக்கு ஆதரவாக வர மறுத்தார்கள், வர்ணனையாளர்களும் ஒதுங்கினார்கள். விளைவாக அன்றிரவு முகப்பிசையும் வர்ணனையும் அலசலும் பேட்டியும் இல்லாமல் ஆறு ஆட்டங்கள் இருபது நிமிடங்களில் ஓடி முடிந்தன. இதைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை முந்தைய வாரத்தைவிடக் கூடியது என்பது வேடிக்கை. இனி எப்போதும் இப்படியே காட்டுங்கள் என்று பேசிய ரசிகர்களும் உண்டு.

அவர்கள் கட்சியில் நான் சேரவில்லை. அன்று முதல் சில நிமிடங்கள் எனக்கும் இனிமையாகத்தான் இருந்தன. கூட்டத்தின் இரைச்சலும், பந்து காலில் படும் ஓசையும், எதிரணி ரசிகர்களின் கேலிப்பாட்டும் எந்தக் குரலாலும் மறைக்கப்படாமல் கேட்டன. மூன்றாவது ஆட்டத்துக்குள் நான் தடுமாறத் தொடங்கினேன். பந்தைக் கடைசியாகத் தொட்டவர் யார், கொடியுயர்த்தியது எதற்காக, மாற்று வீரர் எப்போது இறங்கினார் என்று ஒன்றும் புரியவில்லை. அதைவிடப் பெரிய குறை, கோபப்பட ஆள் இல்லாமல் போனது. செல்ஹர்ஸ்ட் பார்க்கில் மான்செஸ்டர் சிட்டிக்குக் கிடைத்த பெனால்டியை அதன் வீரர் ஹாலண்டு கோலாக்கினார். பேலஸ் 0-1 எனத் தோற்றது. அது பெனால்டியே இல்லை என்று நான் அறையில் யாரிடமாவது சொல்ல வேண்டுமானால், அது பெனால்டிதான் என்று திரையில் ஒருவர் முதலில் சொல்லியாக வேண்டும். அந்த ஒருவரை அன்று காணோம்.

அந்த மௌனத்தால் இழந்த இன்னொன்றை ஆறு நாள் கழித்துத்தான் உணர்ந்தேன். புத்தாண்டுக்குப் பிறகு ஒரு வெற்றியும் பெறாத அணியின் மேலாளராக இருந்த பாட்ரிக் வியேரா அந்த ஆட்டத்தைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதை அந்த நிகழ்ச்சியில் கேட்க முடியவில்லை. மார்ச் 17 அன்று அவர் பதவி நீக்கப்பட்டார், ராய் ஹாட்ஜ்சன் மீண்டும் வந்தார். பதவி பறிபோகவிருக்கும் மேலாளரின் முகத்தை, விளம்பரப் பலகைக்கு முன்னால் அவர் நிற்கும் தோரணையை, கேள்விக்கும் விடைக்கும் இடையில் அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் படிப்பதில் ரசிகர்கள் கைதேர்ந்தவர்கள். சொற்கள் பெரும்பாலும் தேய்ந்தவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தம் வீரர்களின் முரட்டு ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் “நான் பார்க்கவில்லை” என்று ஆர்சனல் மேலாளராக இருந்த ஆர்சென் வெங்கர் சொல்வது நாட்டுக்கே பழக்கமான நகைச்சுவையாக இருந்தது. சில வேளைகளில் வீரர்களைக் காக்கவே அப்படிச் சொன்னதாக அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். மறுபுறம், தம் மகனைப் பற்றிய ஒரு ஆவணப்படத்தால் சினமுற்ற மான்செஸ்டர் யுனைடெட் மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் 2004 முதல் 2011 வரை பிபிசியோடு பேசவே மறுத்தார். அந்த ஏழு ஆண்டுகளும் அவருடைய துணைப் பயிற்சியாளர்களே காமெராவுக்கு முன் வந்து நின்றார்கள். வெற்றி பெற்ற அணியின் தலைவர் வராத பேட்டி, மாப்பிள்ளை இல்லாத வரவேற்பைப் போலத்தான் இருந்தது.

வர்ணனையாளர்களைப் பற்றி ரசிகர்கள் சொல்லும் ஒரே பொதுக் குற்றச்சாட்டு, அவர் எதிரணியின் ஆள் என்பது. ஒரே ஆட்டத்தைப் பார்த்த இரு தரப்பும் ஒரே மனிதரைப் பற்றி இதைச் சொல்வதுண்டு. தொண்ணூறு நிமிடங்கள் பேசும் அவருடைய குரலில் எந்தப் பகுதி இரவில் ஒலிக்கப்போகிறது என்பது அவருக்கே தெரியாது, வெட்டி ஒட்டிய பிறகு எஞ்சுவதை வைத்தே நாம் அவரை எடை போடுகிறோம். இந்தக் கலையின் உச்சமாக நான் கருதுவது 1974 டிசம்பரில் வர்ணனையாளர் பேரி டேவிஸ் சொன்ன சில சொற்கள். மான்செஸ்டர் சிட்டி கைவிட்ட ஃபிரான்சிஸ் லீ, டெர்பி அணிக்காக அதே சிட்டிக்கு எதிராக, அதே மேன் ரோடு அரங்கில் கோல் அடித்தபோது, டேவிஸ் பந்தைப் பற்றியோ கோலின் அழகைப் பற்றியோ நீட்டவில்லை. “அவர் முகத்தைப் பாருங்கள்” என்றார். பார்த்தவர்களுக்கு அந்தச் சிரிப்பே நிற்கிறது. இருபது நிமிட மௌன நிகழ்ச்சியில் அந்த கோல் வந்திருந்தால், அந்த முகத்தை நம்மில் எத்தனை பேர் கவனித்திருப்போம்?

2007 ஏப்ரலில் ஜாக்கி ஓட்லி இந்த நிகழ்ச்சியின் முதல் பெண் வர்ணனையாளராக ஃபுல்ஹம்–பிளாக்பர்ன் ஆட்டத்தில் பேசினார். ஆட்டத்துக்கு முன்பே எழுந்த கூச்சலில் ஒரு முன்னாள் மேலாளரும் சேர்ந்துகொண்டார். ஆட்டம் 1-1 எனச் சமனில் முடிந்தது, வர்ணனை வர்ணனையாகவே இருந்தது. அந்தக் கூச்சலை இன்று நினைத்தால் அதைப் போட்டவர்களுக்காக நமக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

அலசலாளர்களிடம் நான் எதிர்பார்ப்பது சரியான கணிப்பு அன்று, துணிந்த கணிப்பு. 1995 ஆகஸ்டில் ஆஸ்டன் வில்லாவிடம் 1-3 எனத் தோற்ற மான்செஸ்டர் யுனைடெட்டின் இளம் அணியைப் பார்த்து, சிறுவர்களை வைத்துக்கொண்டு எதையும் வெல்ல முடியாது என்று ஆலன் ஹான்சன் தீர்ப்புச் சொன்னார்; அந்தப் பருவத்தில் அச்சிறுவர்கள் லீகையும் எஃப்ஏ கோப்பையையும் வென்றார்கள். முப்பது ஆண்டுகளாக ரசிகர்கள் அவரை விடவில்லை, அவரும் மறுத்ததில்லை. 2015–16 பருவத்தில் லெஸ்டர் பட்டம் வென்றால் உள்ளாடையோடு வந்து தொகுத்து வழங்குவதாகச் சொன்ன லினேக்கர், 2016 ஆகஸ்ட் 13 அன்று சொன்னபடியே அரைக்கால் உள்ளாடையில் தோன்றினார். சாம்பியன் லெஸ்டர் அன்று ஹல் அணியிடம் 1-2 எனத் தோற்றிருந்தது. இன்றைய அலசல்களில் வரைபடங்கள் மிகுந்திருக்கின்றன, வாய்தவறும் துணிச்சல் குறைந்திருக்கிறது. காணொளியைப் பார்த்து நடுவரின் முடிவைச் சரிபார்க்கும் வி.ஏ.ஆர். முறையின் தீர்ப்புகளைப் பற்றி இரு பக்கமும் சரி என்று முடிக்கும் வழக்கம் எனக்கு மிகவும் எரிச்சலூட்டுகிறது. அதைச் சொல்ல இரண்டு பேர் எதற்கு?

26 ஆண்டுகளுக்குப் பிறகு லினேக்கர் 2025 மே 25 அன்று விடைபெற்றார். அடுத்த பருவத்திலிருந்து கெல்லி கேட்ஸ், மார்க் சாப்மன், காபி லோகன் ஆகிய மூவர் முறைவைத்து நடத்துகிறார்கள். கெல்லி கேட்ஸ் ஸ்காட்லாந்து வீரர் கென்னி டால்கிளிஷின் மகள், காபி லோகன் வேல்ஸ் வீரர் டெர்ரி யோரத்தின் மகள்; தோற்ற அணியின் வீட்டில் சனிக்கிழமை இரவு எப்படி இருக்கும் என்பது இருவருக்கும் கேள்வியறிவு அன்று. சாப்மன் வானொலியில் பழகியவர் என்பதால் கேள்வி கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளத் தெரிந்தவர், மூவரில் என் வாக்கு அவருக்கே. லினேக்கரின் குறும்பு இன்னும் எவரிடமும் வரவில்லை.

பார்க்க விரும்புவோருக்கு என் பரிந்துரை இதுதான்: மாலை ஐந்து மணிக்கே கைப்பேசியை அணைத்துவிடுங்கள், தம்பி சென்னையில் இருந்தால் அவனிடமும் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். நள்ளிரவு வரை விழித்திருக்க முடியாதவர்கள் பின்னர் பிபிசியின் ஐபிளேயர் செயலியில் பார்க்கலாம். அது பிரிட்டனுக்குள் மட்டுமே இயங்கும். உங்கள் அணி தோற்ற இரவானால் ஸ்டுடியோ அலசலைத் தவிர்க்காதீர்கள், கத்துவதற்கு ஆள் அங்கேதான் இருக்கிறார்.