மட்டக்களப்பிலிருந்து ஹோர்டன் சமவெளிக்கு வாடகை வேனில்: ஒரு மதிப்பீடு

மட்டக்களப்பு நகரில் வேன் வாடகைக்கு விடும் ஒரு நிறுவனம், இரவில் புறப்பட்டு விடியும்போது மலைநாட்டிலுள்ள ஹோர்டன் சமவெளித் தேசியப் பூங்காவை அடைந்து, நடைபாதையைச் சுற்றி முடித்ததும் அன்றே ஊர் திரும்பும் குடும்பப் பயணமொன்றை ஒழுங்குசெய்து தருகிறது. வாகனத்தையும் சாரதியையும் மனமாரப் பாராட்டுகிறேன். பயணத் திட்டத்தை அப்படிப் பாராட்ட முடியவில்லை.

செங்கலடியில் தொடங்கும் பதுளை வீதி கரடியனாறு, மகாஓயா, பதியத்தலாவை, பிபிலை ஆகிய ஊர்களைக் கடந்து லுணுகலைப் பக்கம் வளைந்து வளைந்து மலையேறுகிறது. எங்கள் சாரதி வளைவுகளில் ஒருபோதும் முந்திச் செல்லவில்லை. இறக்கங்களில் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்தே ஓட்டினார். பிள்ளைகளுக்குக் குமட்டியபோதெல்லாம் முகம் சுளிக்காமல் நிறுத்தினார். வெலிமடைக்குப் பின் ஓஹியாவுக்கு ஏறும் ஒடுக்கமான வீதியிலும் அதே நிதானம் இருந்தது.

அதிகாலையில் போய்ச் சேர வேண்டும் என்பதில் நிறுவனம் காட்டும் கண்டிப்பு மிகச் சரியானது. பூங்காவின் வாயில் காலை 6 மணிக்குத் திறக்கும். ஒன்பது, பத்து மணிக்குள் பள்ளத்தாக்கிலிருந்து எழும் மூடுபனி பெரும்பாலும் உலக முடிவு எனப்படும் மலைவிளிம்பை மறைத்துவிடும். பா இன் (Farr Inn) என்ற பழைய விடுதிக் கட்டடத்தின் அருகே வாகனத்தை நிறுத்திவிட்டு நடக்கும் ஏறத்தாழ 9 கிலோமீற்றர் சுற்றுப்பாதையில், முதலில் உலக முடிவுக்குப் போய், திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சியைப் பார்ப்பதே நல்லது. 850 மீற்றருக்கும் மேற்பட்ட அந்தச் செங்குத்துச் சரிவின் விளிம்பில் நின்று கீழே விரியும் தாழ்நிலத்தைத் தெளிவாகக் கண்டபோது, இரவு முழுவதும் உட்கார்ந்து வந்த களைப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. பெலிஹுல் ஓயா பாறையிலிருந்து விழும் பேக்கர் நீர்வீழ்ச்சியை மூடுபனிக்குள் பார்த்தாலும் அதன் அழகு குறைவதில்லை. புல்வெளியில் மரைகள் மனிதரைக் கண்டு ஓடாமல் மேய்கின்றன. அவற்றுக்கு உணவு கொடுப்பது அவற்றுக்கே தீங்கு என்பதைச் சாரதி பிள்ளைகளுக்குப் பொறுமையாக விளக்கியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

குறைகளுக்கு வருகிறேன். காலை உணவாகத் தந்த இடியப்பத்தை லஞ்ச் சீற்றில் சுற்றியிருந்தார்கள். பொலித்தீனுக்குத் தடையுள்ள பூங்கா என்பதால் வாயிலில் எல்லாவற்றையும் பிரித்து வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. வாழையிலையில் கட்டியிருந்தால் அந்த அலைச்சலே இருந்திருக்காது. 2,100 மீற்றருக்கு மேலான உயரத்தில் விடியற்காலைக் குளிர் எப்படியிருக்கும் என்பதைக் கடற்கரையில் வாழும் நமக்கு எவரேனும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நிறுவனம் அதைச் சொல்லவில்லை. எங்களுடன் வந்த முதியவர்கள் நடுங்கிப்போனார்கள்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய குறை, இரவெல்லாம் வாகனம் ஓட்டிய மனிதர், நாங்கள் நடந்துவரும் மூன்று நான்கு மணி நேரத்தை மட்டும் உறக்கத்துக்கு வைத்துக்கொண்டு, அதே மலை வளைவுகளில் மீண்டும் இறங்க வேண்டியிருப்பது. அவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் இதை ஏற்க முடியாது.

ஆகவே முன்பதிவின்போதே பகலில் புறப்பட்டு வெலிமடையிலோ நுவரெலியாவிலோ இரவு தங்கும் ஒழுங்கைக் கேளுங்கள். சாரதியின் தங்குமிடச் செலவையும் சேர்த்தே பேசி முடியுங்கள். அப்படிச் சென்றால், மறுநாள் சுற்றுப்பாதையை முடித்த பின், பட்டிப்பொல வாயிலுக்கு அருகே வீதியோரம் தொடங்கும் 2,357 மீற்றர் உயரமான தொட்டுபொலக் கந்தையின் குறுகிய ஏற்றத்துக்கும் நேரம் கிடைக்கும்.