டெத் குழுவின் 'ஹியூமன்', 2011 பதிப்பு: பேஸ் கிட்டார் இப்போதுதான் காதில் விழுகிறது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டெத் மெட்டல், அதாவது உறுமும் குரலும் கனத்த வேகக் கிட்டாரும் கொண்ட ராக் இசை, பிடிக்காதவர்கள் இதற்காக 70 வெள்ளியை வீணாக்க வேண்டாம். பிடித்தவர்கள், அதிலும் என்னைப்போல 'ஹியூமன்' ஆல்பத்தைத் தேய்ந்த கேசட்டில் கேட்டு வளர்ந்தவர்கள், ரிலாப்ஸ் நிறுவனம் 2011இல் விட்ட இந்த இரண்டு சிடி பதிப்பு எங்கே கண்ணில் பட்டாலும் எடுத்துவிடுங்கள். நான் ஆன்லைனில் ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். சுங்கை சிப்புட் வந்து சேர ஒன்பது நாள், பெட்டியின் மூலை உடைந்திருந்தது, கேட்டால் பதிலே இல்லை. சரி, சிடியில் கீறல் இல்லையே என்று விட்டுவிட்டேன்.

கேசட் எனக்கு வந்தது லயத்து வீட்டில் இருந்தபோது. பக்கத்து வீட்டு அண்ணன் பதிந்து கொடுத்தார். 2001இல் பிளாக் மெட்டல் கேட்பவர்கள் சாத்தானைக் கும்பிடுகிறார்கள் என்று மலேசியாவே பரபரத்த சமயம், எலும்புக்கூடுகள் கிண்ணம் ஏந்தி நிற்கும் இவர்களுடைய முதல் ஆல்பத்தின் அட்டையை அம்மா பார்த்துவிட்டு எல்லாக் கேசட்டையும் குப்பையோடு சேர்த்துக் கொளுத்திவிட்டார். இது பிளாக் மெட்டல் இல்லை, டெத் மெட்டல் என்று அவரிடம் விளக்கவா முடியும்? அதே வருஷம் டிசம்பர் 13ஆம் தேதி டெத் குழுவின் தலைவர் சக் ஷுல்டினர் மூளைக் கட்டியால் இறந்துபோனார், வயது 34. எனக்கு அது தெரியவந்ததே ரொம்ப நாள் கழித்துத்தான்.

ஷுல்டினர்தான் டெத். 1983இல் ஃபுளோரிடாவில் மாண்டாஸ் என்ற பெயரில் தொடங்கி மறுவருஷமே பெயரை மாற்றினார்கள். 1987இல் வந்த முதல் ஆல்பத்தில் கிட்டார், அடிநாதம் தரும் பேஸ் கிட்டார், குரல் மூன்றும் அவரே, டிரம் மட்டும் கிறிஸ் ரைஃபர்ட். 1998 வரை ஏழு ஆல்பம், எந்த இரண்டிலும் அதே ஆட்கள் இல்லை. நம்ம பக்கத்து உறுமி மேளக் குழுக்கள் திருவிழாவுக்குத் திருவிழா உடைவதை நினைத்துக்கொள்ளுங்கள். 1990இல் ஐரோப்பியப் பயணத்துக்கு இவர் வரமாட்டேன் என்று சொல்ல, மற்றவர்கள் இவர் இல்லாமலே போய் டெத் பெயரில் வாசித்துவிட்டு வந்தார்கள். அந்தக் கோபத்தோடு புதிய ஆட்களைச் சேர்த்து டாம்பாவில் மோரிசவுண்ட் ஸ்டூடியோவில் பதிந்து 1991இல் வந்ததுதான் 'ஹியூமன்'. டிரம்மில் ஷான் ரைனர்ட், இன்னொரு கிட்டாருக்குப் பால் மாஸ்விடல், இருவரும் சைனிக் குழுப் பையன்கள். தொடக்க ஆல்பங்களின் ரத்தமும் சதையுமான பாட்டு வரிகள் போய், தாளம் நாலு பக்கமும் திரும்ப ஆரம்பித்தது இங்கேதான்.

பழைய பதிவில் ஒரு பெரிய குறை இருந்தது. ஸ்டீவ் டி ஜார்ஜியோ பேஸ் வாசித்தார் என்று அட்டையில்தான் படிக்கலாம், காதால் தேட வேண்டும். நான் கேசட்டின் கோளாறு என்றே நினைத்திருந்தேன். ஒலிப்பதிவாளர் ஜிம் மோரிஸ் இந்த 2011 பதிப்புக்காக ஒவ்வொரு கருவியின் ஒலியையும் புதிதாகச் சரிசெய்து கலந்ததில் அந்தப் பேஸ் கிட்டாருக்கு அடியிலிருந்து மேலே வந்துவிட்டது, 'காஸ்மிக் சீ' என்ற குரலே இல்லாத பாட்டைக் கேட்டால் போதும், புரிந்துவிடும். டிரம் கொஞ்சம் அதிகமாகவே துடைத்த மாதிரி இருக்கிறது, பழைய இருட்டு போய்விட்டது, எனக்கு அதில் வருத்தம்தான். இரண்டாவது சிடியில் பாட்டுகள் முழுமையாவதற்கு முன்னால் எடுத்த பதிவுகள். ஒருமுறை கேட்டுவிட்டு வைத்துவிடுவோம் என்று நினைத்தேன்.

என் அக்கா மகன் உறுமிக் குழுவில் வாசிக்கிறான். அவனுக்குப் போட்டுக் காட்டினேன். முதலில் "மாமா, இவன் ஏன் இப்படிக் கத்துறான்?" என்றான். மூன்றாவது பாட்டில் பேச்சை நிறுத்திவிட்டு மேசையில் விரலால் தட்ட ஆரம்பித்தான், பிடி விட்டுவிட்டது, திரும்பப் பின்னால் போட்டான், மறுபடியும் விட்டது. "இந்த டிரம் அடிக்கிறவனுக்கு எத்தனை கால் மாமா?" என்று கேட்டான். ஆல்பம் வந்தபோது ரைனர்டுக்கு இருபது வயதுதான் என்று சொன்னேன், முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இரண்டாவது சிடி இப்போது அவன் காரில்தான் இருக்கிறது. கேட்டால் நாளைக்கு, நாளைக்கு என்கிறான்.