பூப்பாறை–போடி மலைச்சாலையில் ஏழு கோடை ஓடிய என் சின்ன கார்

வீடு கேரள மலையில் பூப்பாறையில், சந்தை, மருத்துவர், சொந்தபந்தம் எல்லாம் கீழே தமிழ்நாட்டுப் போடியில். வாரம் ஒருமுறையாவது இரண்டுக்கும் நடுவிலுள்ள போடிமெட்டு மலை ஏறி இறங்காமல் எங்களுக்குப் பிழைப்பு இல்லை. 2018 மே மாதம் வாங்கிய பழைய பெட்ரோல் கார் இது. ஆயிரம் சிசிகூட இல்லாத எஞ்சின்.

ஏற்றத்தில் பெரிய குறை இல்லை. மலையடிவாரத்து முந்தல் தாண்டி வரும் 17 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியர் போதும். நான்கு பேரோடு மாம்பழக் கூடையும் ஏறினால் ஏசியை அணைத்துவிடுவேன். சமவெளியில் லிட்டருக்கு 18 கிலோமீட்டர், மலையில் 12.

இறக்கத்தில்தான் இந்த வண்டியை எனக்குத் தெரிந்தது. வாங்கிய மறு ஆண்டு, இதே கோடைக் கடைசி. மூன்றாவது கியரில் விட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தே இறங்கினேன். பாதி வழியில் கருகல் நாற்றம். அடுத்த வளைவில் பெடல் பஞ்சுபோல் உள்ளே போயிற்று. கியரைக் குறைத்து, கை பிரேக்கை இழுத்து, மலையோரம் நிறுத்தினேன். பின்னால் மாமியார் மடியில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

போடியில் மெக்கானிக் அண்ணன் கேட்டது ஒன்றுதான்: “பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள் தம்பி?” மாற்றியதே இல்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடும். கொதித்து ஆவியானால் மிதிக்கும் அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. “ஏறுகிற கியரிலேயே இறங்குங்கள், எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும்” என்றார். அன்றிலிருந்து இரண்டாவது கியரில்தான் இறங்குகிறேன்; இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறேன். ஓர் ஆண்டில் தேய்ந்த பிரேக் பேட் இப்போது மூன்று ஆண்டு வருகிறது.

2024 தொடக்கத்தில் மூணாறு–போடிமெட்டு அகலச் சாலை திறந்த பிறகு, அடிக்கடி கேட்ட சஸ்பென்ஷன் தட்டலும் நின்றது. ஆனால் அகலம் வேகத்தையும் கூட்டிவந்திருக்கிறது. மலையில் சாலை குறுகலான இடத்தில் ஏறிவரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும் என்பது சட்டம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பலர் பெட்ரோலை மிச்சம்பிடிக்க நியூட்ரலில் இறங்குகிறார்கள். விடியற்காலையில் எதிரே ஏறி வருவது ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருக்கும் ஜீப். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

வண்டியை மாற்றும் எண்ணம் இல்லை. போன வாரம் வைப்பர் பட்டையும் முன் டயர் இரண்டும் புதிதாகப் போட்டேன். மெட்டில் மாலை நான்கு மணிக்கே மூடுபனி இறங்கத் தொடங்கிவிட்டது.